வாடை தெரியாதவள்

‘தெரியவில்லை என்று சொன்னால் இவர் சரியாக்கிவிடுவார். சரியாகிவிட்டால் அத்தையை யார் பார்ப்பது?’

ஞானபாக்கியம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளுடைய மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியின் குளிர்ச்சி மேலுதட்டில் பட்டது. அதற்குமேல் ஒன்றுமில்லை. வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம்கூட நனைந்த பஞ்சு வழியாக வருவதைப் போலத்தான் வந்து சேர்ந்தது.

“என்ன வாசனைம்மா?”

“அவளுக்கு அதெல்லாம் கிடையாது சார்” என்றான் அவள் புருஷன் ஜேசுதாசன், வீட்டுக்கு வந்தவரிடம் பெண்டாட்டிக்குக் காப்பிப் பழக்கம் இல்லை என்று சொல்வதைப் போல. “பத்துப் பன்னெண்டு வருசமா வாடையே தெரியாது. அது ஆண்டவர் அவளுக்குக் குடுத்த வரம். நாங்க மண்டைவலிக்குத்தான் வந்தோம்.”

டாக்டர் ராஜரத்தினம் குப்பியை மூடினார். “இது காப்பித்தூள். மொதல்ல காட்டுனது ஏலக்காய். இது ரெண்டும் தெரியாம ஒருத்தர் இருக்கிறது வரமா? நல்லா இருக்கு உங்க கணக்கு.”

நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு மூக்கின் துளையை விரித்துப் பார்த்தார். பிறகு பேனாவைவிட மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். அந்தக் கருவி புதிது என்றும், அதை வாங்கத் தன் மனைவியிடம் பேச்சு வாங்கியதாகவும் அவரே சொன்னார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

“நெத்திக்குள்ள, கன்னத்து எலும்புக்குள்ள எல்லாம் சின்னச் சின்ன அறை இருக்கும்மா. காத்துதான் இருக்கணும். காத்து படத்துல கறுப்பாத் தெரியும். உங்களுக்குப் பாருங்க, எல்லா அறையும் வெள்ளை. சளி கட்டிச் சீழாகியிருக்கு. வாசல்ல சதை வளந்து அடைச்சிருக்கு, உரிச்ச திராட்சைப்பழம் மாதிரி. அதுதான் வலி. அதனாலதான் வாசனையும் இல்ல. ரெண்டும் ஒரே சீக்கு.”

அவள் படத்தைப் பார்த்தாள். அவர்கள் ஊரான ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் மலைமேல் ஐப்பசியில் இறங்குமே மேகம், அப்படி இருந்தது அவள் முகம். கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு நிழல்கள். இத்தனை வருடம் அந்த மேகத்துக்குள்ளிருந்துதான் சமைத்தோம், பிள்ளை வளர்த்தோம், சிரித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். பயமாக இல்லை. தூரத்து ஊர் ஒன்றின் படத்தைப் பார்ப்பது போல இருந்தது.

“ஆபரேசன் பண்ணா வாடை வந்துருமா சார்?” என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான்.

“வரலாம். வராமலும் போகலாம். ஏன், வரக் கூடாதா?”



*

வரம் என்று பெயர் வைத்தது யார் என்று அவளுக்கு நினைவில்லை. சின்ன மகள் பிறந்த பிறகு தடுமன் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. பிடித்த தடுமன் போகவே இல்லை. ஒருநாள் குழம்பு கரிந்து வீடெல்லாம் புகை மண்டிக் கிடக்க, இவள் அடுப்புக்கு எதிரேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் வேதமணிதான் ஓடிவந்து சட்டியை இறக்கியது. அப்போது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சபையில் தனிக்கட்டையாக இருந்த ஒரு கிழவி கதவைச் சாத்திக்கொண்டு செத்துப்போய், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. குளிப்பாட்டப் போன பெண்கள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஞானபாக்கியம் உள்ளே போனாள். அவளுக்கு அது தண்ணீரும் துணியும் வேலையுமாக மட்டும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போதகர் ஐயர் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். ஊழியம் செய்வதற்கென்றே தேவன் ஒரு பிள்ளைக்கு நாற்றத்தை மறைத்துவைத்தார் என்றார்.

அதிலிருந்து யார் வீட்டில் சீக்கு என்றாலும், சாவு என்றாலும் ‘ஞானபாக்கியத்தைக் கூப்பிடு’ என்றாகிவிட்டது. அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லையென்று சொல்வதற்கில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி அன்னத்தாய்க்குக் கைராசி என்று ஒரு பெயர். இவளுக்கு இது.

அதனால், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வேதமணி படுக்கையில் விழுந்தபோது, யார் பார்ப்பது என்ற பேச்சே எழவில்லை.

வேதமணி நாற்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு தலையாகக் குனிந்து மோந்து பார்ப்பாள். எண்ணெய்ச் சிக்கு என்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். கைக்குட்டையில் இரண்டு சொட்டு சென்ட் இல்லாமல் ஆலயத்துக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவளுக்கு முதுகில் புண் வந்தது. மூத்த மருமகள் அறைக்குள் வந்தால், “நீ தள்ளி நில்லு, தள்ளி நில்லு” என்று கையை ஆட்டுவாள். பெற்ற மகன் ஜேசுதாசனையே நிலைப்படியைத் தாண்டி உள்ளே விடுவதில்லை. ஞானபாக்கியம் மட்டும்தான்.

“நீ வந்தா யாருமே வராத மாதிரி இருக்குட்டி” என்றாள் ஒருநாள், முதுகைத் துடைத்துவிடும்போது. “அம்புட்டு நிம்மதி.”

கேட்ட நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்போது அந்தப் பேச்சு திரும்ப வந்தது. மறுநாளும் வந்தது. யாருமே வராத மாதிரி என்றால், இந்தக் கதவைத் திறந்துகொண்டு தினமும் உள்ளே வருகிறது யார்? அவளால் அந்தக் கேள்வியை நேராகப் பார்க்க முடியவில்லை. குனிந்து துணி பிழியும்போது நெற்றிக்குள் வலி எழும்பும். கண் இரண்டும் தரையில் விழுந்து உருண்டுவிடும்போல இருக்கும். நல்ல வேளை என்று அந்த வலிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, ஆபரேசனுக்கு நாள் குறித்ததைச் சொன்னபோது வேதமணி விட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

“மண்டைவலி போகட்டும். போகத்தான் வேணும். மத்தத அப்படியே விட்டுற முடியுமான்னு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேளேன்.”

“கேக்கேன் அத்தை.”

கேட்கவில்லை.

*

மயக்க ஊசி போட்டவர் ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் அவர் குரல் தண்ணீருக்கு அடியில் போயிற்று.

வெள்ளைத் துணிமேல் நடந்துகொண்டிருந்தாள். ஊரில் சலவைப் பட்டறைக்காரர்கள் வெட்டவெளியில் காயப்போடுவார்களே பாண்டேஜ் துணி, நீளம் நீளமாக, அது போலத்தான். ஆனால் முடிவே இல்லை. துணிக்கு அடியில் ஆறு ஓடியது. கால் வைக்கும் இடமெல்லாம் மெல்ல அமிழ்ந்து எழுந்தது. தூரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஈரப் பின்னல். கிட்டே போகப் போக அந்தப் பின்னலிலிருந்து ஒரு வாசனை வந்தது. பூ இல்லை, எண்ணெய் இல்லை. கனவுகளில் அவளுக்கு எப்போதாவது வாசனை வருவதுண்டு, ஆனால் நிறமாகத்தான் வரும். இது வாசனையாகவே வந்தது. இது யாருடையது, இது எனக்குத் தெரியும், தெரியும் என்று தவித்துக்கொண்டு தோளைத் தொட்டாள். திரும்பியது அவளேதான். கல்யாணத்துக்கு முந்தைய ஞானபாக்கியம். “எங்க போயிருந்த?” என்று கேட்டது அந்தப் பிள்ளை.

விழித்தபோது மூக்குக்குள் துணி அடைத்திருந்தது. வாயால் மூச்சுவிட்டு வாயால் மூச்சுவிட்டு நாக்கு கட்டையாகிவிட்டது. மறுநாள் அதை எடுக்கும்போது நர்ஸ், “பயப்படாதீங்க, உங்க ஊருப் பக்கம் நெய்யிற பாண்டேஜ் துணிதான்” என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மண்டைக்குள் ஒரு தறி இருந்து அங்கேயே நெய்து தருவதைப் போல. பாண்டேஜ் தறி போட்டிருக்கும் ஜேசுதாசன், பீங்கான் தட்டில் கிடந்த ரத்தத் துணியைக் குனிந்து பார்த்தான்.

“இது நம்ம தறி இல்ல. நம்ம இழை இன்னும் நெருக்கமா இருக்கும்” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. ஆனால் அது வெளியே உள்ள வலி. உள்ளே, நெற்றிக்குப் பின்னால், பல வருடங்களுக்குப் பிறகு யாரோ ஒரு வீட்டைக் காலி செய்து பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

தினமும் உப்புத்தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவ வேண்டும், தறிக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். “வாசனைக்கு அவசரப்படாதீங்க. மூக்கு அதுபாட்டுக்கு நாள் எடுத்துக்கும்.”

*

அது கோழி நாற்றமாக வந்தது.

மறுபடி டாக்டரிடம் காட்டிவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அரைத்தூக்கம். திடீரென்று யாரோ மூக்கின் கதவைத் தோளால் இடித்துத் திறந்ததைப் போல இருந்தது. கண் விழித்துச் சுற்றிலும் பார்த்தாள். காலடியில் ஓலைக்கூடை. அதற்குள் இரண்டு கோழிகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சேத்தூருக்குப் போகிறவள்.

“என்ன தாயி, கோழி கொத்திருச்சா?”

“இல்ல. நாறுது” என்றாள் ஞானபாக்கியம்.

“கோழின்னா நாறத்தான் செய்யும். பின்ன பவுடர் போட்டுக்கிட்டா வரும்?” அந்தப் பெண் சண்டைக்கு நிமிர்ந்தவள், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “ஏட்டி, எதுக்கு அழுத?”

அவள் குனிந்து கூடையருகே முகத்தைக் கொண்டுபோய் இன்னொரு முறை மோந்து பார்த்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாம் சேர்ந்து வந்து மேலே விழுந்தன. டீசல், டீக்கடைப் பால், சாக்கடை, எண்ணெயில் வேகும் வடை, பருத்தி மூட்டை. வீட்டில் சின்னவள் வந்து கட்டிக்கொண்டாள். அவள் தலையில் தேங்காயெண்ணெயும் வெயிலும் பள்ளிக்கூடமும் கலந்து ஏதோ ஒன்று இருந்தது. இத்தனை வயதுப் பிள்ளையை இப்போதுதான் முதல்முதலாகச் சந்திக்கிறோம் என்று தோன்றியது. புருஷன் சட்டையில் தறி எண்ணெய். அவன் கழுத்தில் அவனுக்கென்று ஒரு வாசனை. அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. சில நாட்கள் அவள் வீட்டுக்குள் தூக்கத்தில் நடப்பவளைப் போல நடந்தாள். சீரக டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

அத்தையின் அறைக்குள் போனது பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று மாலையிலேயே. நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. மூத்திரம், புண்ணுக்குப் போடும் மருந்து, யூக்கலிப்டஸ் தைலம், அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று. கனமானது, இனித்துக் கெட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு எல்லா வேலையையும் மூச்சை அடக்கி அடக்கியேதான் செய்தாள்.

விஷயத்தை அவள் சொல்லாமலே கண்டுபிடித்தது அன்னத்தாய்தான். அடுத்த தெருவிலிருந்து வந்தவள், அடுப்படியில் இவள் ரசத்தை மோந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி! மூக்கு வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா.”

“ஊரெல்லாம் தமுக்கடிச்சிராத. அத்தைக்குத் தெரிஞ்சா உன்னையும் கிட்ட விடாது. பொறவு நான்தான் வந்து நிக்கணும். எனக்குக் குமட்டும், எனக்கு ஆவாது. நீ பாட்டுக்கு முன்னமாதிரியே இரு. உனக்கென்ன, பழகுன வேலைதான.”

“முன்னமாதிரி எப்படிக்கா இருக்க?”

“தெரியாத மாதிரிதான். இம்புட்டு நாள் இருந்தல்ல?”

ஜேசுதாசனும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னான். “அம்மா மனசு சங்கடப்படும் ஞானம்.” சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் வெளியே போனான்.

அவளும் சரி என்றுதான் இருந்தாள். அந்த அடியிலிருக்கும் நாற்றம் மட்டும் அவளை விடவில்லை. தினமும் உடம்பைத் துடைக்கிறாள், துணி மாற்றுகிறாள், தரையை டெட்டால் போட்டுத் துடைக்கிறாள். புண்கூட ஆறிக்கொண்டு வருகிறது. பிறகு எங்கிருந்து? ஒரு காலை நேரம், வேதமணி கண்ணயர்ந்திருந்தபோது, கட்டிலைச் சுற்றி நாய்போல மோந்துகொண்டே வந்தாள். தலையணையில் வந்து நின்றது. உறை வெள்ளைவெளேரென்று இருந்தது. நேற்று மாற்றியது. உள்ளே இருந்த பஞ்சு எச்சிலும் வேர்வையும் இறங்கி இறங்கிக் கட்டியாகி அழுகிக் கிடந்தது. கண்ணுக்குச் சுத்தமாக இருந்ததையெல்லாம் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ஊரே பாராட்டிய கைகள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. எத்தனை மாதமாக இதன்மேல் இந்தத் தலையைப் படுக்கவைத்தோம்?

அன்று மதியமே இலவம்பஞ்சு வாங்கிவந்து புதுத் தலையணை தைத்தாள். ராத்திரி அத்தை அசந்து தூங்கும்போது மாற்றிவைத்து, பழையதைப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினாள்.

*

மறுநாள் காலை வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே போனபோது வேதமணி விழித்திருந்தாள்.

“தலகாணிய யார் மாத்துனா?”

“நான்தான் அத்தை. புதுசு தச்சேன். இலவம்பஞ்சு.”

“பழசுக்கு என்ன? முந்தாநாளுதான உறை மாத்துன. வெள்ளையாத்தான இருந்துச்சு?”

ஞானபாக்கியம் துணியை வெந்நீரில் முக்கினாள்.

“கேக்கேன்ல?” அது வகுப்பறைக் குரல். படுத்துக்கிடந்த உடம்பில் அது மட்டும் விழாமல் நின்றிருந்தது.

“உள்ளுக்குள்ள கெட்டுப்போயிருந்துச்சு அத்தை.”

“உள்ளுக்குள்ள கெட்டது எனக்குத் தெரியும். இந்தக் கன்னத்துக்குக் கீழதான கெடந்துச்சு. உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

ஜன்னல் வழியாகத் தறிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டேயா அத்தை அந்தத் தலையணைமேல் படுத்திருந்தாள்? அவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

“அப்பமே சொல்லியிருக்கலாம்ல அத்தை?”

“சொன்னா உனக்குத் தெரியாது. நீ அன்னத்தாயக் கூப்பிட்டு மோந்து பாருங்கன்னு சொல்லுவ. அதுக்கு இது தேவலன்னு கெடந்தேன்.” வேதமணியின் கண் மருமகளின் மூக்கிலேயே நின்றது. “அப்ப, தெரியுது உனக்கு.”

“ம்.”

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளா.”

“நெனைச்சேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டே வந்து போற. கழுத்து நரம்பு தெரியுது. நான் டீச்சர்டீ. பிள்ளைக திருட்டுத்தனம் எனக்குத் தெரியாதா?”

பிறகு அந்தக் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கை எட்டவில்லை. ஞானபாக்கியம் இழுத்துவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கையில் ஈரத் துணியோடு நின்றாள்.

“ஞானம், ஒண்ணு செய்யி. தெரியலன்னு சொல்லு.”

“அத்தை?”

“எனக்கு ஒண்ணும் தெரியல அத்தைன்னு சொல்லு. பொய்தான். பொய்னு எனக்குத் தெரியும். நீ சொன்னா நான் நம்பிக்குவேன். எம்மேல கை வைக்கைல ஒருத்தியாவது ஒண்ணும் தெரியாம வைக்கான்னு நெனச்சுக்குவேன். வேதப் புத்தகத்துமேலயா சத்தியம் கேக்கேன்? ஒரு வார்த்தை.”

ஒரு வார்த்தைதான். அதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் வாய் திறந்தது. செத்துக்கொண்டிருப்பவளுக்குக் கொடுக்கும் ஒரு மடக்குத் தண்ணீரைப் போல அது சின்னதாக இருந்தது. ஆனால் நாக்கின் நுனிக்கு வந்தபோது அது சின்னதாக இல்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் இன்றைக்கு மட்டும் சொன்னதாக இருக்காது. நாளைக்கும் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். சின்னவளின் தலைவாசனையை எங்கே வைப்பாள்? அந்தக் கோழிகளை? கனவில் துணிமேல் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையை? இந்த அறைக்கு வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தி என்று இருக்க முடியுமா? மேகம் மண்டையில் இருந்தபோது அது யார் செய்த தவறும் இல்லை. இனிமேல் இருந்தால் அது அவளே கொண்டுவந்து அடைத்ததாக இருக்கும்.

அவள் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். பிறகு, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், மெதுவாக உள்ளே இழுத்தாள். புதுப் பஞ்சு. வெந்நீரின் ஆவி. தைலம். அதற்குள்ளே வேதமணி. அந்த வாடை மாமியாரின் சொந்த வாடை, வேறு யாருக்கும் இல்லாதது.

“சொல்லேன்டீ” என்றாள் வேதமணி. கண்ணில் நீர் தளும்பி நின்றது.

“சொல்ல மாட்டேன் அத்தை.”

அவளே எதிர்பார்க்காத அளவுக்கு அது மெல்லிய குரலில் வந்தது. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. துணியைப் பிழிந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தாள்.

“கையை என் தோள்ல போடுங்க. ஒருச்சாச்சுத் திரும்பிப் படுங்க, முதுகைத் தொடைக்கணும்.”

வேதமணி கையைத் தூக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஞானபாக்கியம் எழுந்திருக்கவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை. கையில் துணி ஆறிக்கொண்டிருந்தது.